ஏழரை மணி மாப்பிள்ளை

நேசையன் போட்ட நாடகங்களைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் புரியவில்லை என்றார்கள், மீதிப் பேர் புரிந்ததாகப் பொய் சொன்னார்கள். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஷிப்டு முடிந்த கையோடு நாலு பேரைக் கூட்டிவைத்து அவன் நடத்திவந்ததற்கு நவீன நாடகம் என்று பெயர். திரை கிடையாது, பாட்டு கிடையாது, பளபளக்கும் சட்டை கிடையாது. கதையாவது உண்டா என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். ஒரு நாடகத்தில் ஒருவன் கடைசிவரை ஒரு நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். பார்க்க வந்த மில் சூப்பர்வைசர் எழுந்து போகும்போது, "அந்த நாற்காலியாச்சும் செத்த நேரம் பேசியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் 'ஏழரை மணி மாப்பிள்ளை' எல்லோருக்கும் புரிந்தது. புரியாமல் எப்படி இருக்கும்? கொடைக்கானலில் டி.வி. டவர் வந்த மறுவருஷம் அது. தெருவுக்கு ரெண்டு வீட்டில் டி.வி. வந்திருந்தது. மாலை ஏழரை மணிக்குச் செய்தி வாசிக்க வருகிற சாருமதியை ராஜபாளையத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அந்தம்மாள் கட்டிவருகிற சேலை நாளைக்கு என்ன நிறம் என்று டீக்கடையில் பந்தயம் நடந்தது. செய்தி முடிந்து அவர் "வணக்கம்" என்று கைகூப்பினால், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெருசுகள் பதிலுக்கு வணக்கம் சொன்னார்கள். மரியாதை தெரிந்த ஊர்.

நாடகத்தில் வருகிறவன் ஒரு படி மேலே போகிறான். சாருமதி தன்னை மட்டும்தான் பார்க்கிறாள் என்று நம்புகிறான். அறையின் எந்த மூலையில் போய் நின்றாலும் அவள் கண் தன் மேலேயே இருக்கிறதே, இதற்குமேல் ஒரு பெண் எப்படிச் சம்மதம் சொல்வாள் என்று கேட்கிறான். கடன் வாங்கி டி.வி. வாங்குகிறான், அதையே கட்டிக்கொள்வது என்று முடிவுசெய்கிறான். மொட்டைமாடி ஆன்டெனாதான் மாமியார். அதன் மனம் கோணினால் படம் புள்ளிபுள்ளியாகப் போய்விடும். நேசையனோடு மில்லில் வேலை பார்த்த தவசிமுத்து, கைகளில் அலுமினியக் கம்பிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நிற்பான். மாப்பிள்ளை ஓடிவந்து அவனை அந்தப் பக்கம் திருப்புவான், இந்தப் பக்கம் திருப்புவான், "அத்தை, கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று காலில் விழுவான். பழைய பீரோ ஒன்றின் முகப்பை அறுத்துச் செய்த டி.வி. பெட்டிக்குள், சேத்தூரில் தையல் சொல்லிக்கொடுக்கிற செல்லத்தாய் உட்கார்ந்து செய்தி வாசிப்பாள். "சேத்தூரில் இன்று மழை பெய்யவில்லை. நாளை பெய்யாத மழை குறித்த விவரங்கள் சற்று நேரத்தில்." உள்ளே காலை மடக்கித்தான் உட்கார முடியும். ஒவ்வொரு தடவையும் கால் மரத்துப்போய், நாடகம் முடிந்ததும் இரண்டு பேர் தூக்கித்தான் அவளை வெளியே எடுப்பார்கள்.

அந்தப் பைத்தியக்காரன் யார் என்று கேட்டால் நேசையன் அடுத்த தெருவில் ஒருத்தனைக் கைகாட்டுவான். உண்மையில் ஏழரை மணிக்கு முன்னால் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு டி.வி. முன்னால் உட்காருகிறவன் அவனேதான். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. எழுதுகிறவர்கள் தங்கள் அசட்டுத்தனத்தை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுக் கலை என்று பேர் வைப்பது வழக்கம்தானே.

மாப்பிள்ளையாக நடித்தவன் சாகுல் ஹமீது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். தேரடிக்குப் பக்கத்தில் அவனுக்கு வளையல் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி ஒத்திகைக்கு வந்துவிடுவான். ஒல்லி உடம்பு, பெரிய காது. மேடையில் வெறுமனே வந்து நின்றாலே ஜனங்கள் சிரிப்பார்கள். நேசையன் எழுதியது எதையும் அவன் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டவனும் அவன்தான். "நீ யோசிக்காமலா எழுதியிருப்ப" என்பான், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் கூரை பிய்த்துக்கொண்டது. முடிவுதான் எல்லோருக்கும் பிடித்தது. கல்யாண நேரம். மாப்பிள்ளை மாலை வாங்கி வருகிறான். அழகாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியின் ஓரத்தில் மிச்சமிருக்கிற பீரோக் கண்ணாடியில் பார்க்கிறான், முன்னால் பார்க்கிறான், திரும்பி முதுகைப் பார்க்க முயல்கிறான். அப்புறம் கழற்றிப் பெட்டிக்குப் போடப் போகிறான். சாருமதி பதறிப் பின்வாங்கி, "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்கிறாள். கரண்டு போகிறது. இருட்டில் மாப்பிள்ளை, "வெக்கப்படுதா" என்கிறான். இந்த இடத்தில் ராஜபாளையம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தச் சிரிப்புச் செய்தி மதுரை வரைக்கும் போய், நாடக விழா நடத்துகிற ஒரு பேராசிரியர், தான் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பார்த்துப் பிடித்துவிட்டால் விழாவில் இடம். நேசையனுக்கு அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. பத்து வருஷமாக நாற்காலியோடும் பீரோவோடும் மல்லுக்கட்டியதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கப்போகிறது என்றால் யாருக்குத்தான் இறங்கும்? சாகுல்தான், "எங்க ஊருலயும் ஒரு தடவ போடுவமே, எங்க ஆளுக என்னைய மேடையில பாத்ததே இல்ல" என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தான். பேராசிரியரும் அங்கேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பீரோவை மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டு நேசையன் மாலை வாங்கப் போனான். கோயில் பக்கம் வரிசையாகப் பூக்கடை. வெள்ளத்தாய் என்கிற ஒரு அம்மாள் கடையில், துளசியும் செவ்வந்தியும் வைத்துக் கட்டிய கனமான மாலை ஒன்று கண்ணில் பட்டது.

"பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"டி.வி.க்கு."

"டி.வி.க்கா? என்ன, செத்துப்போச்சா?"

நேசையன் சிரித்துவிட்டான். இந்த வசனத்தை நாடகத்தில் சேர்த்துக்கொள்ளலாமே என்றுகூடத் தோன்றியது. "நாடகத்துக்கும்மா. மாப்பிள்ளை மொதல்ல தன் கழுத்துல போட்டுப் பாப்பான். நல்லாருக்குன்னு தெரிஞ்ச பொறவு கழட்டி டி.வி.ல இருக்கிற பொண்ணுக்குப் போடுவான்."

வாழைநாரைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"தான் போட்டுப் பாத்துட்டா?"

"ஆமா."

"பாத்துட்டு, கழட்டிக் குடுப்பானா?" அவள் நேசையனை மேலும் கீழும் பார்த்தாள். "சூடிப் பாத்துட்டுக் கழட்டிக் குடுக்கிறது இந்த ஊருல ஒருத்திக்குத்தான் உண்டு, தம்பி. நீங்க எந்த ஊரு?"

"ராஜபாளையம்."

"பேரு?"

"நேசையன்."

"ம்" என்றாள் வெள்ளத்தாய். மாலையை இலையில் சுற்றிக் கொடுத்தாள். "எங்க நாடகம்? மடவார் வளாகத்துலயா? நானும் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாரேன்."

நேசையன் நாலு எட்டு வைப்பதற்குள் அவன் நெஞ்சுக்குள் என்னவோ கழன்று விழுந்தது. ஆண்டாள். பெருமாளுக்குக் கட்டின மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டு அனுப்பிய பெண். மனுஷன் எவனையும் கட்டமாட்டேன் என்று நின்று அந்தப் பெருமாளையே கட்டிக்கொண்டவள். கதை தெரியாதவனா அவன்? பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். வில்லிபுத்தூர் கோபுரத்தைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறான். ஆனால் படித்தது மண்டையில் ஒரு அறையில் இருந்தது, எழுதினது வேறொரு அறையில் இருந்தது. நடுவில் கதவே இல்லை. எட்டாத ஆளை நினைத்துக்கொண்டு, அவரைத் தவிர வேறு ஆள் வேண்டாம் என்று, சூடின மாலையைக் கழற்றிப் போடுகிற ஒரு பைத்தியக்காரனை எழுதி, ஊரெல்லாம் விட்டுவிட்டு இந்த ஊருக்கே சிரிக்கச்சொல்லிக் கொண்டுவந்திருக்கிறான். எழுதினவன் பேர் நேசையன், சர்ச்சுக்குப் போகிறவன். மாலையைப் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறவன் பேர் சாகுல் ஹமீது.

அந்த வருஷங்களில் பேப்பரைப் பிரித்தால் எங்காவது ஒரு ஊரில் எவன் கடையோ எரிந்துகொண்டிருக்கும். நேசையன் சாகுலின் கடையை நினைத்தான். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளுக்குச் சாத்துவதற்கென்று பெண்கள் வந்து வளையல் வாங்குகிற கடை. அந்த ஒரு மாச வியாபாரத்தில்தான் சாகுலின் வீடு ஒரு வருஷம் ஓடுகிறது. கடை முழுக்கக் கண்ணாடி. ஒரு கல் போதும், எல்லாம் நொறுங்கிப்போகும்.

சொல்லிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தான். சாகுல் ஓரமாக உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றான். "என்னலே?" என்றான் சாகுல். "ஒண்ணுமில்ல, லைட்டு சரியா இருக்கா பாக்கேன்" என்று சொல்லிவிட்டு நேசையன் திரும்பி வந்துவிட்டான். சொன்னால் என்ன ஆகும்? நாடகம் வேண்டாம் என்பான். சொல்வதற்கு அவனுக்கு எல்லா நியாயமும் உண்டு. மதுரைப் பேராசிரியர் அந்நேரம் வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியையே எடுத்துவிடலாம் என்று யோசித்தான். எடுத்தால் நாடகத்தில் என்ன மிச்சம்? பீரோவும் அலுமினியக் கம்பியும்தான். மறுபடி சாகுலிடம் போனான். மறுபடி லைட்டைப் பார்த்தான். மூன்றாவது தடவை போனபோது, சொல்லவும் வேண்டாம், விடவும் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு நடு வழி அவனுக்குக் கிடைத்திருந்தது. கோழைகளுக்கு அது எப்படியோ சரியான நேரத்தில் கிடைத்துவிடும்.

"சாகுலு, இன்னிக்கு மாலைய நீ கழுத்துல போட வேண்டாம். நேரா பொட்டிக்குப் போட்டுரு."

"ஏன்?"

"ஈரமா இருக்கு. சட்டை இரவல் சட்டை. கறை பட்டுரும்."

சாகுல் பவுடர் பூசின முகத்தோடு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி" என்றான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. நேசையன் நாடகத்துக்கு இவ்வளவு கூட்டம் என்றைக்கும் வந்ததில்லை, இன்றைக்கு வராமல் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டான். சாகுலின் கடைக்கு வாடிக்கையாக வருகிற பெண்கள், தேரடி வியாபாரிகள், கோயில் பக்கத்து ஆட்கள். வெள்ளத்தாய் சொன்னபடியே நாலைந்து பெண்களோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பேராசிரியர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நேசையன் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து மேடையும் தெரியும், வெள்ளத்தாயின் பக்கவாட்டு முகமும் தெரியும். பின்வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டான். பார்த்த பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாடகம் தொடங்கியது. சாகுல் வந்து நின்றான், சிரித்தார்கள். செல்லத்தாய் பெட்டிக்குள்ளிருந்து, "தலைநகரில் இன்று முக்கியமான எதுவும் நடக்கவில்லை. அதைக் கண்டித்து ஊர்வலம் நடந்தது" என்றாள், சிரித்தார்கள். தவசிமுத்து ஆன்டெனா ஸ்டூலில் நின்றுகொண்டு மாப்பிள்ளையிடம், "எம்மகளுக்கு டெல்லியில இருந்தெல்லாம் சம்பந்தம் வருது. நீ எந்த அலைவரிசைலே?" என்று கேட்டபோது ஒரு ஆள் சிரித்து நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். பேராசிரியர் தொடையில் தட்டிக்கொண்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நேசையன் மிதந்திருப்பான். இன்றைக்கு ஒவ்வொரு சிரிப்புக்கும் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். இவ்வளவு சிரித்தவர்கள் திரும்பினால் அவ்வளவு வேகமாகத் திரும்புவார்கள் என்று தோன்றியது. வெள்ளத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மாலை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வந்தது.

சாகுல் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு நடுமேடைக்கு வந்தான். இலையைப் பிரித்தான். விரலால் பூவைத் தொட்டுப் பார்த்தான். தொட்ட விரலை ஒரு கணம் பார்த்தான். ஸ்விட்ச் போர்டு பக்கம் நிமிர்ந்து நேசையனைப் பார்த்தான். நேசையன் தலையை ஆட்டினான். வேண்டாம், நேராகப் போடு, போடு. சாகுல் பார்வையைத் திருப்பிக்கொண்டான். மாலையைத் தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

முதலில் சிரித்தார்கள், வழக்கமான சிரிப்பு. ஆனால் சாகுல் வழக்கமாகச் செய்வது எதையும் செய்யவில்லை. முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை, இடுப்பை ஆட்டவில்லை. பெட்டியோரத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். மாலையின் ஒரு பூ மடிந்திருந்ததைச் சரிசெய்தான். நாம் இதற்குத் தகுதிதானா என்று பயந்துகொண்டு பார்க்கிறவனாகப் பார்த்தான். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏய்! என்னலே பண்ணுதான் அவன்?"

பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு ஆள் எழுந்து நின்றான். பக்கத்தில் இன்னொருத்தன் எழுந்தான். நாற்காலிகள் நகர்ந்தன. நேசையன் கை ஸ்விட்சில் இருந்தது. அணைத்துவிட்டால் முடிந்தது, இருட்டில் சாகுலை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிடலாம். கை நகரவில்லை. மேடையேறி அவன் பக்கத்தில் போய் நிற்கலாம் என்றும் தோன்றியது. காலும் நகரவில்லை.

"உக்காருங்கய்யா" என்றாள் வெள்ளத்தாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாக்க விடுங்க."

சாகுல் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. மாலையைக் கழற்றினான். பெட்டியை நோக்கி நடந்தான். செல்லத்தாய் இந்த இடத்தில் பதறிப் பின்வாங்க வேண்டும். அவள் பின்வாங்கவில்லை. அவன் வந்த விதத்தில் அவளுக்கு வசனம் மறந்துவிட்டது. மரத்துப்போன காலோடு கொஞ்சம் முன்னால் சாய்ந்து தலையைக் குனிந்தாள். மாலை அவள் கழுத்தில் விழுந்தது. கையை விரித்தபடியே நிற்க வேண்டிய தவசிமுத்து, கம்பியெல்லாம் கலகலக்கக் கையை இறக்கிக் கும்பிட்டான். ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டதற்கு, "தெரியல அண்ணாச்சி, கை தானா எறங்கிருச்சு" என்றான்.

"வணக்கம்" என்றாள் செல்லத்தாய், மெதுவாக.

நேசையனுக்கு அப்போதுதான் கை நகர்ந்தது. விளக்கை அணைத்தான். "வெக்கப்படுதா" என்ற வசனம் வரவில்லை. இருட்டில் யாரும் கைதட்டவில்லை. திரும்ப விளக்குப் போட்டபோது முன்வரிசைப் பெண்களில் சிலர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்ற ஆள் உட்கார்ந்துவிட்டிருந்தான், துண்டால் முகத்தைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. தட்டத் தொடங்கியவர்கள் வெகுநேரம் நிறுத்தவில்லை.

வெள்ளத்தாய் போகிற வழியில் நேசையனிடம் வந்தாள். "நம்ம வளையக்கடைத் தம்பில்லா? மொகத்துல மாவப் பூசியிருந்ததுல மொதல்ல தெரியல. நீங்க சொன்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சது, ஒரு சத்தம் போட்டுருவோம்னுதான் வந்தேன். அந்தத் தம்பி தப்பா செய்யல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தப்பித்தோம் என்று நினைத்தான் நேசையன். கடை தப்பியது, சாகுல் தப்பினான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் பேராசிரியர் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அற்புதம். சிரிக்க வச்சுக்கிட்டே வந்து, அந்த மாலையில நிறுத்திட்டீங்களே. டி.வி.யை இந்த ஊரோட ஐதீகத்துல கொண்டுபோய்க் கோத்தது சாதாரண காரியம் இல்ல. மொதல்லயே இப்படித்தான் யோசிச்சீங்களா?"

சாகுல் பேராசிரியருக்குப் பின்னால் நின்று ஈரத்துணியால் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்திவிட்டு நேசையனைப் பார்த்தான்.

"ஆமா சார்" என்றான் நேசையன். "யோசிச்சு எழுதினதுதான்."

விழாவில் இடம் உறுதி என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனார். செல்லத்தாயைப் பெட்டியிலிருந்து தூக்கி எடுத்தார்கள். அவளும் தவசிமுத்துவும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாகுல் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மாலை நனையலையேலே" என்றான்.

நேசையன் ஒரு நாற்காலியை மடக்கினான்.

"நான் பொறந்து வளந்தது இந்தத் தேரடியில. மாலைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நீ மொதல்ல வாசிச்சுக் காட்டினப்பவே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க ஊரு பொண்ண இவன் எம்புட்டு அழகா கொண்டுவாரான்னு நெனச்சேன். ராஜபாளையத்துல சிரிக்காவ, சிரிக்கட்டும், எங்க ஊருல போட்டா விளங்கும்னுதான் இந்த மண்டபத்தையே பிடிச்சேன். நீ யோசிச்சுத்தான் எழுதியிருக்கன்னு நெனச்சேம்லே." சாகுல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நேசையனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பூவத் தொட்ட ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஒனக்கு இன்னிக்குச் சாயங்காலம்தான் யாரோ சொல்லியிருக்காவ."

"தெரிஞ்ச பொறவும் ஏன் போட்ட? அடிச்சிருந்தா?"

"எங்க ஆளுகளுக்கு முன்னால அதச் செய்ய எனக்கு என்ன பயம்? அவியளுக்கு என்னையத் தெரியும். என் கையில வளையல் வாங்கி ஆண்டாளுக்குச் சாத்துறவிய." சாகுல் ஈரத்துணியைக் கீழே போட்டான். "நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அடி விழும்னு நெனச்சியா?"

நேசையன் குனிந்து அந்தத் துணியை எடுத்து மடித்தான்.

"நெனச்சியா இல்லியா?"

"நெனச்சேன்."

"விழுந்தா என் மேலதான் விழும்னும் நெனச்சிருப்ப."

நேசையன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் காது வரைக்கும் சுட்டது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் நல்லது என்று இருந்தது.

"சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேம்லே" என்றான் சாகுல். "ரெண்டு பேருமாச் சேந்து பயந்திருக்கலாம். என்னையத் தனியா விட்டுட்டியே."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். வாசல் வரைக்கும் போய் நின்றான். "மதுரைக்கு வேற ஆளப் பாத்துக்கோ" என்றான். வீம்பாகச் சொல்லவில்லை. கடை அடைத்துவிட்டேன், நாளைக்கு வாருங்கள் என்று சொல்கிற குரலில் சொன்னான்.

நேசையன் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். சாகுல் கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான், வீட்டு விஷயம் பேசினான், பெண்கள் வந்தால் எழுந்துபோய் வளையல் எடுத்துக் காட்டினான். நாடகம் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. நேசையன் மன்னிப்புக் கேட்டதற்கு, "அட விடுலே" என்றான். அதற்குமேல் என்ன கேட்பது என்று நேசையனுக்குத் தெரியவில்லை.

மதுரையில் மாப்பிள்ளையாக நேசையனே நடித்தான். வேறு யாருக்கும் வசனம் பாடமில்லை. மேடையேறுவதற்கு முன்னால் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டான். பேராசிரியர் விருந்தாளிகளிடம், "கடைசியில பாருங்க, அந்த மாலை வர்ற எடத்தப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

மாலை வந்தது. நேசையன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாகுல் நின்ற மாதிரியே அசையாமல் நின்றான். மடிந்த பூவைச் சரிசெய்தான். மெதுவாக நடந்தான். சாகுல் செய்ததில் ஒன்றையும் விடவில்லை.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசிவரை சிரித்தது.